கோடைக்கு ஓர் அரிச்சுவடி

புதிய தமிழ்ப் புத்தகங்களுக்குக் குறைவில்லை. ஆனால் பெங்களூரின் நீலசந்திராவில் அவற்றைப் படிக்க விரும்பும் பிள்ளை முதலில் எழுத்தைக் கற்றாக வேண்டும். ஒரு கோடை விடுமுறை அதற்குப் போதுமா?

ஏப்ரல் இரண்டாவது வாரம் பிறந்துவிட்டால் நீலசந்திராவின் சந்துகள் பிள்ளைகளின் வசமாகிவிடுகின்றன. பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது. இரண்டு செங்கல்லை நிறுத்தினால் விக்கெட். பந்து அடுத்த வீட்டு மாடியில் விழுந்தால் தமிழில் ஒரு கூச்சல். அதை வாங்கி வர உருதுவில் ஒரு கெஞ்சல். தாகத்துக்கு ஐஸ் வாங்கக் கடைக்காரரிடம் கன்னடத்தில் பேரம். அவுட்டா இல்லையா என்ற சண்டை பாதி ஆங்கிலத்தில். பத்து வயதுப் பையன் ஒருவன் ஒரு மணி நேரத்துக்குள் நான்கு மொழிகளுக்குப் போய்த் திரும்புகிறான். அப்படிப் போய் வந்தது அவனுக்கே தெரிவதில்லை.

அவன் கையில் ஒரு தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால் கதை வேறு. அட்டைப் படத்தைப் பார்ப்பான். இரண்டு பக்கம் புரட்டுவான். சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிடுவான். பள்ளியில் அவன் படிப்பது ஆங்கிலம், கன்னடம், இந்தி. ஆக, மூன்று விதமான எழுத்துகள் அவனுக்குத் தெரியும். பாட்டியிடம் பேசுகிற மொழியின் எழுத்து மட்டும் அந்த மூன்றில் இல்லை.

ஒவ்வொரு கோடையிலும் ஆங்கிலப் பத்திரிகைகள் தவறாமல் ஒரு பட்டியல் போடுகின்றன: இந்த விடுமுறையில் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டிய புத்தகங்கள். தமிழிலும் அப்படியொரு பட்டியல் போட முடியும். போட்டால் அது சோடையாகவும் இருக்காது. குழந்தைகளுக்கான தமிழ் நூல்கள் இன்று போல முன்பு எப்போதும் வந்ததில்லை என்றே சொல்லலாம். கன்னடத்திலிருந்து தமிழுக்கு வரும் நாவல்களும் பெருகியிருக்கின்றன. ஆனால் நீலசந்திரா போன்ற பகுதிகளில் அந்தப் பட்டியலுக்கு முன்பாக ஒரு கேள்வி நிற்கிறது. யார் படிப்பது?

ஏரியின் பெயரில் ஒரு பேட்டை

நீலசந்திரா என்றதும் நிலவு நினைவுக்கு வரும். உண்மையில் நிலவுக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. பொம்மசந்திரா, சிங்கசந்திரா என்று பெங்களூரைச் சுற்றிலும் உள்ள ஊர்ப் பெயர்களில் வரும் 'சந்திரா' என்பது 'சமுத்திர'த்தின் சுருக்கம், அதாவது ஏரி என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஆஸ்டின் டவுன், விவேக் நகர், ஆனேபாளையா, ஈஜிபுரா ஆகியவற்றுக்கு நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் இந்தப் பகுதியில் தமிழும் உருதுவும் கன்னடமும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் குடியிருக்கின்றன.

தமிழர்கள் இங்கே வந்த கதை பழையது. 1809இல் ஆங்கிலேயர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து தங்கள் படையைப் பெங்களூருக்கு மாற்றியபோது தண்டு எனப்படும் கன்டோன்மென்ட் உருவானது. படையோடு சிப்பாய்கள், சமையல்காரர்கள், கொத்தனார்கள், ஒப்பந்தக்காரர்கள், வியாபாரிகள் என்று பலர் சென்னை மாகாணத்திலிருந்து வந்து சேர்ந்தார்கள். 1949இல் தண்டும் பழைய நகரமும் ஒரே மாநகராட்சியாக இணைந்தன. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், ஐ.டி.ஐ., பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்று பொதுத்துறை ஆலைகள் எழும்பியபோது இன்னொரு அலை வந்தது. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வடாற்காடு, தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பிறகு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 21 லட்சம் பேர். மாநில மக்கள்தொகையில் இது மூன்றரை சதவிகிதத்தை ஒட்டி வரும்.

இந்த 21 லட்சத்தில் எத்தனை பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்பதற்கு அந்தக் கணக்கில் பதில் கிடையாது. கணக்கெடுப்பில் எழுத்தறிவு உண்டு, தாய்மொழியும் உண்டு. தாய்மொழியில் எழுத்தறிவு என்று தனியாக ஒரு கட்டம் கிடையாது. ஆகவே மூன்று மொழி படிக்கத் தெரிந்த நீலசந்திராப் பையன் அரசுக் கணக்கில் எழுத்தறிவு பெற்றவன்; தமிழனும்கூட. இரண்டும் சரிதான். இரண்டுக்கும் இடையில் உள்ள ஓட்டை மட்டும் எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை.

தேநீர்க் கடையில் தினத்தந்தியின் பெங்களூர்ப் பதிப்பை இன்னும் மடித்துப் படிப்பவர்கள் பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் தமிழில் பூசை நடக்கிறது. பிள்ளைகள் காதால் கேட்டுப் பழகிய பாட்டைக் கணீரென்று பாடுகிறார்கள். அதே பாட்டை அச்சில் காட்டினால் பலருக்கு அடையாளம் தெரியாது. தமிழ் இங்கே அழிந்துவிடவில்லை. வாயிலும் காதிலும் நன்றாகவே இருக்கிறது. கண்ணிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது.

யார்மேல் குற்றம்?

பெற்றோரைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவர்களுடைய கணக்கில் தவறு காண முடியாது. தையல் வேலைக்கும் ஆட்டோ ஓட்டவும் வீட்டு வேலைக்கும் போகும் தாய் தகப்பன்மார், கையில் இருக்கும் காசை ஆங்கிலத்தில் போடுகிறார்கள். கன்னடம் இந்த மண்ணின் மொழி. அதைப் படிக்காமல் இங்கே பிழைப்பது கடினம்; படிப்பதுதான் மரியாதையும்கூட. 2015இல் கர்நாடகம் இயற்றிய கன்னட மொழி கற்றல் சட்டம், மாநிலத்துப் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகக் கன்னடத்தை முதல் அல்லது இரண்டாவது மொழியாக்கியது. மூன்றாவது இடத்துக்கு இந்தி வந்து உட்கார்ந்துகொள்கிறது. தமிழுக்கு நாற்காலி இல்லை.

வரலாற்றின் காயமும் உண்டு. 1991 டிசம்பரில் காவிரி இடைக்கால ஆணையை ஒட்டி நடந்த கலவரத்தில் பெங்களூர்த் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அதே ஆண்டு அல்சூர் ஏரிக்கருகே நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை திறக்கப்படாமல் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டில் அந்தச் சிலை திறக்கப்பட்டது. பதிலுக்கு அதே மாதம் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் ஒரு தலைமுறை பள்ளிக்கூடம் போய் முடித்துவிட்டது.

இழப்பு என்ன என்று கேட்கலாம். எழுத்து தெரியாவிட்டால் குடிமுழுகிவிடாது. பேச்சு இருக்கிறது, சினிமா இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் ஒரு கதவு சாத்திக்கொள்கிறது. ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகையைப் பேரன் பாட்டியிடம் நீட்டிப் படிக்கச் சொல்கிறான். பாட்டிக்குக் கண்புரை. தாத்தா விட்டுப்போன டிரங்குப் பெட்டியில் நான்கு நாவல்களும் ஒரு நாட்குறிப்பும் கிடக்கின்றன. அதில் இருப்பது என்னவென்று அந்த வீட்டில் யாருக்கும் இனித் தெரியப்போவதில்லை. பழைய பேப்பர்க்காரர் எடை போட்டு எடுத்துக்கொண்டு போகும் நாள் தொலைவில் இல்லை.

247 அல்ல, ஐம்பதுக்கும் குறைவு

தமிழ் எழுத்து 247 என்று சொல்லியே பிள்ளைகளைப் பயமுறுத்திவிடுகிறோம். உண்மையில் தனித்தனியாகக் கற்க வேண்டியவை உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216 உயிர்மெய்களும் இவற்றின் சேர்க்கை. அந்தச் சேர்க்கைக்கு வேண்டியவை 'ஆ' முதல் 'ஔ' வரையிலான 11 அடையாளங்களும் மெய்க்கு வைக்கும் ஒரு புள்ளியும். எல்லாம் சேர்த்து ஐம்பதைத் தாண்டாது. கு, டு, ரு, மூ, தூ என்று உகர ஊகார வரிசையில் மட்டும் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும். அதை மட்டும் உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டும்.

இதில் நீலசந்திராப் பிள்ளைக்கு யாருக்கும் கிடைக்காத ஒரு வசதி உண்டு. அவனுக்குக் கன்னடம் தெரியும். மெய்யோடு உயிர் சேர்ந்து வடிவம் மாறும் முறையைக் கன்னடத்தில் 'காகுணித' என்று முதல் வகுப்பிலேயே படித்துவிட்டான். எகர ஏகாரக் குறில் நெடில் வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் கன்னடத்திலும் உண்டு. இந்தி மட்டும் படித்த பிள்ளைக்கு இது புதிது. கன்னடப் பிள்ளைக்குப் பழக்கம். கெ, கே, கை என்று எழுதும்போது கொம்பு முன்னால் வந்து நிற்பது அவனைக் குழப்பலாம். ஆனால் இந்தியில் 'கி' எழுதும்போது அடையாளம் எழுத்துக்கு முன்னால் வருவதை அவன் ஏற்கனவே பார்த்திருக்கிறான். ஆக, தமிழின் கொம்பைப் புரிந்துகொள்ள இந்தியே உதவிக்கு வருகிறது.

சிக்கல் ஒன்று உண்டு. கன்னடத்தில் க, க2, க3, க4 என்று ஒலிக்கு ஒலி தனித்தனி எழுத்து. தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே 'க'. கடல் என்பதில் ஒரு ஒலி, தங்கம் என்பதில் இன்னொன்று, அகம் என்பதில் மூன்றாவது. வெளிநாட்டுக்காரருக்கு இது தலைவலி. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கோ இது ஒரு பொருட்டே அல்ல. 'தங்கம்' என்று எழுத்துக் கூட்டிவிட்டால் போதும், சரியான ஒலியைக் காது தானாகக் கொடுத்துவிடும். ழ, ற இரண்டும் புதியவை. பழைய கன்னடத்தில் இவற்றுக்கும் எழுத்து இருந்தது, பிறகு வழக்கொழிந்தது என்று சொன்னால் பையனுக்குச் சுவாரசியம் கூடும்.

தாத்தாவின் பெட்டியில் இருக்கும் புத்தகத்துக்கு மட்டும் ஒரு கூடுதல் பாடம் தேவை. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் தும்பிக்கை போல வளைந்த கொம்போடு இருக்கும். ணா, றா, னா மூன்றும் சுழித்த வடிவில் இருக்கும். இப்படிச் சில வடிவங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டால் பெட்டியும் திறந்துவிடும்.

கர்நாடகத்தில் கோடை விடுமுறை ஏப்ரல் இரண்டாவது வாரம் தொடங்கி மே கடைசி வரை, சுமார் 45 நாள். தினம் அரை மணி நேரம் என்றால் முதல் பத்து நாளில் உயிரும் மெய்யும். அடுத்த பத்து நாளில் அடையாளங்கள். பிறகு கடைப் பலகை, தீப்பெட்டி, பஸ், காலண்டர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக் கூட்டுவது. கடைசி மூன்று வாரம் புத்தகம். ஒரே கோடையில் நாவல் படித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் ஒன்றைத் தட்டுத் தடுமாறி முடித்துவிட முடியும். அது போதும், மற்றது பிள்ளையின் பாடு.

இது நடக்கக்கூடியதுதான் என்பதற்குக் கர்நாடகத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. உருது பேசும் வீட்டில் பிறந்த ஒரு சிறுமியை எட்டாவது வயதில் சிவமொக்காவின் கன்னடப் பள்ளியில் சேர்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் கன்னடம் எழுதப் படிக்கக் கற்க வேண்டும் என்பது பள்ளி விதித்த நிபந்தனை. சில நாட்களிலேயே அவள் எழுதத் தொடங்கிவிட்டாள். ஹாசனைச் சேர்ந்த வழக்கறிஞர் பானு முஷ்தாக்தான் அந்தச் சிறுமி. 2025 மே மாதம் அவருடைய 12 கதைகள் அடங்கிய 'ஹார்ட் லேம்ப்' தொகுப்பு, மொழிபெயர்ப்பாளர் தீபா பாஸ்தியோடு சேர்த்து அவருக்குச் சர்வதேச புக்கர் பரிசை வாங்கித் தந்தது. கன்னடத்துக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. அதைக் கொண்டுவந்தவரின் வீட்டு மொழி கன்னடம் அல்ல. நீலசந்திராவின் எதிர் வீட்டு உருதுப் பிள்ளைக்கும் இந்த வீட்டுத் தமிழ்ப் பிள்ளைக்கும் அதில் பாடம் இருக்கிறது.

தை மாதப் புத்தகங்கள்

ஆங்கிலத்தில் கோடை என்பது புத்தகங்கள் வெளியாகும் பருவம். தமிழில் கணக்கு வேறு. 1977இலிருந்து நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வருகிறது. பதிப்பாளர்கள் ஆண்டு முழுக்கச் சேர்த்து வைத்ததை அங்கேதான் கொட்டுகிறார்கள். ஆகவே கோடையில் தமிழ் வாசகர் கையில் எடுப்பது பெரும்பாலும் ஜனவரியில் அச்சான புத்தகத்தைத்தான். பெங்களூருக்கு அது வந்து சேரச் சில மாதம் ஆகும். உறவினரின் பையிலோ கூரியரிலோ வரும். 2022 டிசம்பர் இறுதியில் கர்நாடகத் தமிழ்ப் பத்திரிகையாளர் சங்கம் அல்சூர்த் தமிழ்ச் சங்க வளாகத்தில் தமிழ்ப் புத்தகத் திருவிழா நடத்தியபோது இந்தத் தூரம் கொஞ்சம் குறைந்தது. பெங்களூருக்கென்று ஒரு தமிழ்ப் புத்தகக் காட்சி வர அத்தனை காலம் ஆகியிருந்தது.

பிள்ளைகளுக்கான புத்தகங்களைப் பொறுத்தவரை சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய புரஸ்கார் பட்டியல் நல்ல வழிகாட்டி. 2020இல் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பரிசு பெற்றது. யாரும் தொடக்கூடாத விதத்தில் தொட்டால் குழந்தை என்ன செய்ய வேண்டும் என்ற விஷயத்தை, பேசும் மரப்பாச்சிப் பொம்மையின் மூலம் பயமுறுத்தாமல் சொல்லும் கதை. பெரியவர்கள் வேலைக்குப் போய்விட, நாள் முழுக்கப் பிள்ளைகள் தனியாக இருக்கும் வீடுகளில் இது அவசியமான புத்தகம். 2021இல் மு. முருகேஷின் 'அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை', 2022இல் ஜி. மீனாட்சியின் 'மல்லிகாவின் வீடு'. 2023இல் பரிசு பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியைப் பின்னணியாகக் கொண்டது. 2024இல் கவிஞரும் நாவலாசிரியருமான யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்', 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'. ஆறு ஆண்டுகளில் ஆறு புத்தகங்கள். ஆறும் இக்காலத்துப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை. ராஜா ராணிக் கதைகளிலும் நீதிக் கதைகளிலும் அலுத்துப்போன பெற்றோருக்கு இது ஆறுதல்.

ஆனால் புதிதாக எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு இவை உடனே கைக்கு வரமாட்டா. பெரியவர் ஒருவர் படித்துக்காட்ட, பிள்ளை விரலால் தொடர்ந்துகொண்டே போகலாம். அதற்கு முந்தைய படிக்கு வேறு புத்தகங்கள் உண்டு. 2004இல் பெங்களூரில் தொடங்கிய பிரதம் புக்ஸ், 2015இல் 'ஸ்டோரிவீவர்' என்ற இணையத் தளத்தைத் திறந்தது. கதைகளை நான்கு நிலைகளாகப் பிரித்து இலவசமாகத் தருகிறார்கள். ஒரே கதை தமிழிலும் கன்னடத்திலும் கிடைப்பதுதான் நம் பிள்ளைக்கு இதில் உள்ள விசேஷம். கன்னடத்தில் ஒரு முறை படித்துவிட்டுத் தமிழில் திறந்தால் பாதி எழுத்து ஊகத்திலேயே பிடிபடும். முதல் நிலைக் கதையில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வாக்கியம்தான்.

தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்திலிருந்து பிறந்த வாசிப்பு இயக்கம், 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளாகச் சிறு நூல்களை வெளியிட்டது. பெயரிலேயே பாடத்திட்டம் இருக்கிறது. நீலசந்திராப் பிள்ளை நுழையில் தொடங்கி மே மாதத்துக்குள் நடைக்கு வந்துவிட்டால் பெரிய வெற்றி. படம் நிறைந்த இருமொழிப் புத்தகம் வேண்டுமென்றால் சென்னையின் தூலிகா 1996இலிருந்து போட்டு வருகிறது. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசை இன்னும் மலிவு.

பெரியவர்களுக்கு இரண்டு பாலம்

பிள்ளை எழுத்துக் கூட்டும் நேரத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. பெங்களூர்த் தமிழருக்கென்றே அமைந்தது போன்ற ஒரு வரிசை தமிழில் இருக்கிறது. இந்த மாநிலத்தின் நாவல்கள், தமிழில்.

இதைச் சாத்தியமாக்கியவர்களில் இருவரைக் குறிப்பிட வேண்டும். விழுப்புரம் பக்கத்து வளவனூர்க்காரரான பாவண்ணன், தொலைபேசித் துறை வேலைக்காகக் கர்நாடகத்துக்கு வந்து கன்னடம் கற்றவர். 2025 செப்டம்பரில் மறைந்த எஸ்.எல். பைரப்பா மகாபாரதத்தை மனிதர்களின் கதையாக எழுதிய 'பர்வ' நாவலை 'பருவம்' என்று தமிழாக்கினார். 2005இல் சாகித்ய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. கிரீஷ் கார்னாடின் நாடகங்களையும், சித்தலிங்கையா, அரவிந்த மாளகத்தி ஆகியோரின் தலித் தன்வரலாறுகளையும் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். இன்னொருவர் கே. நல்லதம்பி, மைசூர்க்காரர். நாஜிகளிடமிருந்து தப்பிப் பெங்களூர் வந்து சேர்ந்த யூதச் சிறுமியின் கதையான நேமிசந்திராவின் 'யாத் வஷேம்' நாவலை மொழிபெயர்த்ததற்காக 2022க்கான மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றார். பெருமாள்முருகனின் 'மாதொருபாக'னைக் கன்னட வாசகருக்குக் கொடுத்தவரும் இவரே. ஒருவர் பிழைப்புக்கு வந்த இடத்தின் எழுத்தைக் கற்றார். மற்றவர் கன்னட மண்ணில் வளர்ந்தும் தாய்மொழியின் எழுத்தை விடவில்லை.

இந்தக் கோடைக்கு எதை எடுப்பது? குறைந்த நேரம் உள்ளவர்களுக்கு விவேக் ஷான்பாக்கின் 'காச்சர் கோச்சர்'. திடீரென்று பணம் வந்துவிட்ட ஒரு பெங்களூர்க் குடும்பத்தின் கதை. ஒரே மாலையில் முடிந்துவிடும், ஆனால் நாலு நாள் மனதை விட்டுப் போகாது. விடுமுறை நீளமாக இருந்தால் வசுதேந்திராவின் 'தேஜோ துங்கபத்ரா'. லிஸ்பனின் நதியையும் விஜயநகரத்தின் நதியையும் பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் இணைக்கும் பெரிய நாவல். இரண்டையும் தமிழாக்கியவர் நல்லதம்பி. பழையது வேண்டுமென்றால் சிவராம காரந்தின் மூன்று தலைமுறைக் கதை 'மண்ணும் மனிதரும்'.

நேரடித் தமிழிலும் சிலவற்றைச் சொல்லலாம். கொங்கு நாட்டு நாவிதர்களின் வாழ்க்கையைச் சொல்லும் தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' 2023க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. அடுத்த ஆண்டு அதே விருது ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' நூலுக்குப் போனது. வரலாறு என்றாலே கொட்டாவி விடுகிறவர்களும் இதை எடுத்துப் பார்க்கலாம்.

எங்கே போவது?

சர்ச் தெருவின் புகழ்பெற்ற புத்தகக் கடைகளில் ஆங்கிலத்தின் ஆட்சி. தமிழ் தேடுகிறவர்களுக்குப் பெங்களூரில் இரண்டு இடங்கள் உதவும். ஒன்று, 1950இல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம். அல்சூர் ஏரிக்கு எதிரே, நூலகத்தோடு இருக்கிறது. நீலசந்திராவிலிருந்து ஆட்டோவில் போய் வரும் தூரம்தான். இன்னொன்று, மத்தியக் கல்லூரி வளாகத்தில் உள்ள சாகித்ய அகாதெமியின் மண்டல அலுவலகம். தென்னாட்டு மொழிகளில் அகாதெமி வெளியிட்ட நூல்கள் இங்கே கிடைக்கும்; விலையும் கையைக் கடிக்காது. தமிழ் நாவல்கள் நானூறு, ஐந்நூறு என்று போய்விட்ட காலத்தில் இது சின்ன விஷயமல்ல. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களை இலவசமாகவே படிக்கலாம். அரிச்சுவடிப் பாடங்களும் அந்தக் கழகத்திடம் உண்டு. வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளை மனதில் வைத்துத் தொடங்கியது. சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு எழுதிய பாடம் நீலசந்திராவுக்கும் அப்படியே பொருந்துகிறது.

ஆசிரியர் யார் என்பதுதான் கடைசிக் கேள்வி. சம்பளம் கொடுத்து டியூஷன் வைக்க இந்தத் தெருவில் பலருக்கு வசதியில்லை. ஆனால் வீட்டுத் திண்ணையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவராக இருக்கலாம். கண்ணும் சரியாகத் தெரியாது. ஆனால் 'இது ழ, நாக்கை மடக்கு' என்று சொல்ல அவருக்குக் கண் வேண்டியதில்லை. பையன் எழுத்தின் வடிவத்தைப் புத்தகத்தில் பார்த்துச் சொல்ல, பாட்டி ஒலியைத் திருத்தலாம். இருவரும் சேர்ந்தால் ஒரு முழு வாத்தியார்.

ஏப்ரல் மாதத்துப் பெங்களூரில் திடீரென்று ஒரு மாலை மாங்காய் மழை கொட்டும். ஆட்டம் பாதியில் நின்றுபோகும், கரண்டும் போய்விடும். டி.வி. ஓடாது. பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் அந்த அரை மணி நேரம் போதும், ஐந்து எழுத்து கற்க. மே முடிவதற்குள் இப்படிப் பல அரை மணிகள் வரும். பள்ளி திறக்கும்போது ஊரிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்து, மாப்பிள்ளை பெயரையும் முகூர்த்த நேரத்தையும் பையன் பாட்டிக்குப் படித்துக் காட்டிவிட்டால் இந்தக் கோடை வீண் போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். நாவல் அடுத்த கோடைக்கு இருக்கட்டும்.